புது லைட் போட்ட ஒரே வாரத்தில் வெளுத்துப்போகும் பவளம்: ரீஃப் தொட்டியில் நடப்பது என்ன? பழக்குவது எப்படி?

தண்ணீர் அதேதான். மீன்கள் அப்படியே நீந்துகின்றன. உப்பின் அளவும் மாறவில்லை. மாறியது தொட்டிக்கு மேலே தொங்கும் லைட் மட்டும்தான். ஆனால் ஐந்தாறு நாளில், பாறையின் உச்சியில் பழுப்பும் பச்சையுமாக இருந்த பவளம், சுண்ணாம்பு அடித்ததுபோல வெளுத்துப்போய் நிற்கிறது.

வீட்டில் 'ரீஃப் டேங்க்' எனப்படும் பவளத் தொட்டி வைத்திருப்பவர்கள் மத்தியில், குறிப்பாக ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும், இது அடிக்கடி நடக்கும் விஷயம். 'லைட் பத்தலை போல' என்று நினைத்து வெளிச்சத்தை இன்னும் ஏற்றிவிடுகிறவர்களும் உண்டு. பவளத்தின் கதை அங்கேதான் முடிகிறது. பெரும்பாலான நேரங்களில் பிரச்னை, வெளிச்சம் குறைந்தது அல்ல. ஒரே நாளில் அளவுக்கு மீறிக் கூடியதுதான்.

புது லைட்டுக்குப் பவளத்தை எப்படிப் பழக்குவது? எவ்வளவு நாள் ஆகும்? வெளுத்துவிட்டால் மீட்க முடியுமா? விரிவாகப் பார்க்கலாம்.

அதற்கு முன் ஒரு விஷயம். இந்தியாவில் கல்பவளங்களை வீட்டில் வைத்திருப்பது சட்டப்படி குற்றம். அந்தச் சட்டம் என்ன சொல்கிறது என்பது கட்டுரையின் கடைசிப் பகுதியில் இருக்கிறது. இங்கே வரும் லைட் கணக்கெல்லாம், பவளம் வளர்க்க அனுமதி உள்ள நாடுகளில் இருப்பவர்களுக்கானது.

இப்போது ஏன் பலரும் லைட்டை மாற்றுகிறார்கள்?

ஒரு காலத்தில் ரீஃப் தொட்டி என்றாலே மெட்டல் ஹாலைட் விளக்குதான். 250 வாட்ஸ், 400 வாட்ஸ் என்று கரண்ட்டைக் குடிக்கும், தண்ணீரையும் சூடாக்கும். அடுத்து வந்தது 'டி5' எனப்படும் மெல்லிய குழல்விளக்கு. இப்போது எல்இடி.

பாதரசம் கலந்த குழல்விளக்குகளுக்கு உலகம் முழுக்க விடைகொடுக்கும் வேலை நடக்கிறது. பொதுப் பயன்பாட்டுக்கான டி5, டி8 குழல்விளக்குகள் புதிதாகச் சந்தைக்கு வருவதை ஐரோப்பிய ஒன்றியம் 2023 ஆகஸ்ட்டில் நிறுத்தியது. அதே ஆண்டு நவம்பரில் ஜெனீவாவில் கூடிய மினமாட்டா ஒப்பந்த நாடுகள், 2027-க்குள் குழல்விளக்குகளின் உற்பத்தியையும் ஏற்றுமதி இறக்குமதியையும் நிறுத்த முடிவெடுத்தன. மீன்தொட்டிக்கென்றே செய்யப்படும் டியூப்கள் ஒரே நாளில் காணாமல் போகவில்லை. ஆனாலும் காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்பது எல்லோருக்கும் புரிந்துவிட்டது. பத்து வருடமாக டி5 வெளிச்சத்தில் வளர்ந்த பவளங்களுக்கு மேல் இப்போது எல்இடி ஏறுகிறது.

பவளத்துக்கு எதற்கு வெளிச்சம்?

பார்த்தால் செடி மாதிரி இருக்கும், தொட்டால் கல் மாதிரி இருக்கும். உண்மையில் பவளம் ஒரு விலங்கு. 'பாலிப்' எனப்படும் சின்னஞ்சிறு உயிரிகள் ஆயிரக்கணக்கில் ஒட்டி வாழும் குடியிருப்பு அது. கல்லாகத் தெரிவது அவை கட்டிக்கொண்ட சுண்ணாம்புக் கூடு.

ஒவ்வொரு பாலிப்பின் உடல் செல்களுக்குள்ளும் கண்ணுக்குத் தெரியாத பாசிகள் குடியிருக்கின்றன. ஒரு சதுர சென்டிமீட்டரில் பத்து லட்சத்துக்கும் மேல் இருக்கலாம். வாடகை என்று பார்த்தால், இந்தப் பாசிகள் ஒளிச்சேர்க்கை செய்து தயாரிக்கும் சர்க்கரையில் பெரும்பங்கைப் பவளத்துக்குக் கொடுத்துவிடுகின்றன. சில பவளங்களின் ஆற்றல் தேவையில் 90 சதவீதம் வரை இந்த வழியில் கிடைக்கிறது.

பவளத்தின் பழுப்பு நிறமும் இந்தப் பாசியின் நிறம்தான். பாசி வெளியேறினால் கண்ணாடி போன்ற சதையும், அதன் வழியே தெரியும் வெள்ளைக் கூடும்தான் மிச்சம். 'வெளுத்துப்போவது' என்றால் இதுதான். வெளுத்த பவளம் செத்த பவளம் அல்ல, பட்டினி கிடக்கும் பவளம். இந்த வித்தியாசம் பின்னால் முக்கியமாகும்.

வெளிச்சம் அதிகமானால் நல்லதுதானே?

நர்சரியில் பச்சை நிழல்வலைக்குக் கீழே செழிப்பாக நின்ற செடியை வாங்கி வந்து, அன்றைக்கே மொட்டைமாடி கத்திரி வெயிலில் வைத்தால் என்ன ஆகும்? இரண்டே நாளில் இலை கருகிவிடும். அதே செடியை வராந்தாவில் சில நாள், காலை வெயிலில் சில நாள் என்று வைத்துப் பழக்கினால் அதே மாடியில் நன்றாக வளரும். பவளத்துக்குள் இருக்கும் பாசிக்கும் அதே கதைதான்.

குறைந்த வெளிச்சத்தில் இருக்கும் பாசி, கிடைக்கும் கொஞ்ச ஒளியையும் விடாமல் பிடிக்க நிறைய பச்சையத்தைச் சேர்த்து வைத்திருக்கும். பாத்திரத்தைப் பெரிதாக வைத்துக்கொண்டு சொட்டு மழைக்குக் காத்திருப்பதுபோல. அந்த நேரத்தில் பேய்மழை கொட்டினால்? வந்து குவியும் ஒளி ஆற்றலைச் சர்க்கரையாக மாற்ற முடியாது. மிஞ்சும் ஆற்றல், செல்லைத் தாக்கும் ஆக்சிஜன் வகைகளாக மாறுகிறது. ஒளியை வாங்கும் புரதங்கள் சிதைகின்றன. செல் அவற்றை எப்போதும் பழுதுபார்த்துக்கொண்டுதான் இருக்கும். ஆனால் பழுதுபார்க்கும் வேகத்தைவிடச் சேதத்தின் வேகம் கூடினால், பவளத்துக்குத் தன் உடலுக்குள் இருக்கும் பாசியே விஷமாகிவிடுகிறது. வேறு வழியில்லாமல் அதை வெளியேற்றுகிறது.

நேரம் கிடைத்தால் பாசி தன்னை மாற்றிக்கொள்ளும் என்பது புதிய தகவல் அல்ல. செங்கடலின் ஏலாத் வளைகுடாவில் 'ஸ்டைலோஃபோரா' என்ற பவளத்தை வைத்து பால் ஃபால்கோவ்ஸ்கி, ஸ்வி டுபின்ஸ்கி ஆகியோர் செய்த ஆய்வு 1981-ல் 'நேச்சர்' இதழில் வெளியானது. ஒரே இனம்தான். நிழலில் வளர்ந்தவை கரும்பழுப்பாக இருந்தன, பாசியில் பச்சையம் அதிகம். வெயிலில் வளர்ந்தவை வெளிறிய நிறத்தில், குறைந்த பச்சையத்தோடு இருந்தன. இரண்டுமே ஆரோக்கியமானவைதான். ஒரு நிலையிலிருந்து இன்னொன்றுக்கு மாற நாட்களும் வாரங்களும் வேண்டும். லைட்டைப் பழக்குவது என்றால் அந்த அவகாசத்தைப் பவளத்துக்குக் கொடுப்பதுதான். அந்த வேலையைப் பாசி மட்டும்தான் செய்ய முடியும். தொட்டிக்காரர் செய்ய வேண்டியது அவசரப்படாமல் இருப்பது.

கண்ணை நம்பலாமா?

கூடவே கூடாது. தொட்டிக்காரர்கள் அதிகம் ஏமாறுவது இங்கேதான்.

மனிதக் கண்ணுக்குப் பச்சை ஒளிதான் மிகப் பிரகாசமாகத் தெரியும். ரீஃப் தொட்டிக்கான எல்இடிகள் கொட்டுவதோ, 450 நானோமீட்டர் அலைநீளத்தை ஒட்டிய நீலத்தை. ஒரே ஆற்றலுள்ள பச்சை ஒளியோடு ஒப்பிட்டால், அந்த நீலம் நம் கண்ணுக்குச் சுமார் 25-ல் ஒரு பங்கு பிரகாசமாகத்தான் படும். ஆனால் பவளப் பாசி ஆவலாக உறிஞ்சுவது அந்த நீலப் பகுதியைத்தான். 'பழைய டியூப்லைட்டைவிட இது மங்கலாத்தானே இருக்கு' என்று ஒருவர் வெளிச்சத்தை 100 சதவீதத்துக்கு ஏற்றும்போது, தண்ணீருக்கு அடியில் கத்திரி வெயில் அடித்துக்கொண்டிருக்கும்.

லக்ஸ் மீட்டரும், செல்போனில் இறக்கிக்கொள்ளும் லக்ஸ் செயலியும் இதே தவறைத்தான் செய்யும். லக்ஸ் என்ற அளவே மனிதக் கண்ணை அடிப்படையாக வைத்து உருவானது. சூரிய ஒளிக்கு லக்ஸை 54-ஆல் வகுத்தால் ஓரளவு சரியான கணக்கு வரும். நீல எல்இடிக்கு அந்தக் கணக்கு எடுபடாது. வாட்ஸும் உதவாது. அது எவ்வளவு கரண்ட் செலவாகிறது என்று சொல்லும், பவளத்தின் மேல் எவ்வளவு ஒளி விழுகிறது என்று சொல்லாது.

தேவைப்படுவது 'பிஏஆர்' என்ற அளவு. ஒளிச்சேர்க்கைக்குப் பயன்படும் 400 முதல் 700 நானோமீட்டர் வரையிலான ஒளித்துகள்கள், ஒரு சதுர மீட்டரில் ஒரு நொடிக்கு எத்தனை விழுகின்றன என்ற கணக்கு. அலகு மைக்ரோமோல். வெப்பமண்டல உச்சிவெயிலில் கடல் மட்டத்தில் சுமார் 2,000 இருக்கும். இதை அளக்கும் மீட்டர் விலை கூடுதல்தான். ஆனால் வெளிநாடுகளில் பல மீன் கடைகளும் ரீஃப் சங்கங்களும் வாடகைக்குத் தருகின்றன. ஒரு வாரயிறுதிக்கு வாங்கினாலே போதும். நீல எல்இடியை அளக்கிறோம் என்றால், நீலத்தைக் குறைத்துக் காட்டாத முழு அலைவரிசை மீட்டரா என்று கேட்டு வாங்குவது நல்லது. அபோஜி நிறுவனத்தின் எம்கியூ-510 போன்றவை தண்ணீருக்குள் அளப்பதற்கென்றே வந்தவை. அதே நிறுவனத்தின் பழைய மாடல்கள் நீலத்தைக் குறைவாகக் காட்டும்.

இன்னொரு வித்தியாசமும் உண்டு. டி5 டியூப் தொட்டியின் நீளம் முழுக்கப் பரவலாக வெளிச்சம் தரும். எல்இடி ஒரு சின்னப் பெட்டியிலிருந்து டார்ச்லைட் மாதிரி கீழே அடிக்கும். நேர் கீழே 500 மைக்ரோமோல் இருக்கும் தொட்டியில், மூலையில் 100 கூட இல்லாமல் போகலாம். பக்கவாட்டிலிருந்து கிடைத்த வெளிச்சம் நின்றுபோவதால், கிளைப் பவளத்தின் உச்சி வெளுப்பதும் அடிக்கிளைகள் இருட்டில் வாடுவதும் ஒரே நேரத்தில் நடக்கும். ஆகவே ஒரே ஒரு இடத்தில் அளந்தால் போதாது. பவளம் இருக்கும் ஒவ்வொரு இடத்திலும் அளக்க வேண்டும்.

எவ்வளவு வெளிச்சம் தேவை?

வளர்ப்பவர்கள் அனுபவத்தில் பின்பற்றும் எண்கள் இவை. மஷ்ரூம், சோவாந்தஸ், லெதர் போன்ற மென்மையான வகைகளுக்கு 50 முதல் 150 போதும். டார்ச், ஹாம்மர் போன்ற பெரிய பாலிப் கல்பவளங்களும் ஏறக்குறைய அதே வரம்புக்குள் நன்றாக இருக்கும். அக்ரோபோரா, மான்டிபோரா போன்ற சிறிய பாலிப் கல்பவளங்களுக்கு 200 முதல் 400 வரை கொடுக்கிறார்கள்.

இந்த எண்களை வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. 80-ல் மூன்று வருடம் சந்தோஷமாக இருந்த பவளத்தை, 'புத்தகத்தில் 150 என்று போட்டிருக்கிறது' என்பதற்காக நாளைக்கே 150-க்குத் தள்ளுவதுதான் தவறு. எங்கே போக வேண்டும் என்பதைவிட, இப்போது எங்கே இருக்கிறது என்பதுதான் முதல் கேள்வி.

சரி, எப்படிப் பழக்குவது?

பழைய லைட்டைக் கழற்றுவதற்கு முன்பே வேலை தொடங்குகிறது. ஒவ்வொரு பவளத்தின் உச்சியிலும் மீட்டரை வைத்து அளந்து குறித்துக்கொள்ள வேண்டும். பலர் பழைய லைட்டை விற்றுவிட்டு, புதியதை மாட்டிவிட்டு, அப்புறம்தான் மீட்டரைத் தேடுகிறார்கள். அப்போது ஒப்பிட எதுவும் இருக்காது.

ஒரு கணக்கு பார்க்கலாம். பழைய டி5-ன் கீழே ஒரு அக்ரோபோராவுக்கு 180 மைக்ரோமோல் கிடைத்தது என்று வைத்துக்கொள்வோம். புது எல்இடியை முழு வேகத்தில் வைத்தால் அதே இடத்தில் 420. பழைய அளவுக்கு இணையாக வேண்டும் என்றால் சுமார் 43 சதவீதம். ஆனால் விளக்கும் மாறியிருக்கிறது, ஒளியின் நிறமும் மாறியிருக்கிறது. அதனால் இன்னும் கொஞ்சம் கீழே இறங்கி 35 சதவீதத்தில், அதாவது 150-ஐ ஒட்டித் தொடங்குவது பாதுகாப்பு. அங்கிருந்து வாரத்துக்கு 5 சதவீதம் ஏற்றினால், ஏழு வாரத்தில் 70 சதவீதம், கிட்டத்தட்ட 300 மைக்ரோமோல். எல்லா விளக்கிலும் சதவீதமும் வெளிச்சமும் ஒரே விகிதத்தில் கூடாது. அதனால் நடுவில் ஒருமுறை மறுபடி அளந்து பார்ப்பது நல்லது.

ஏழு வாரமா என்று மலைக்க வேண்டாம். ஆண்டுக்கணக்கில் வளரும் உயிருக்கு ஏழு வாரம் பெரிதில்லை. இப்போது வரும் பல எல்இடிகளின் செயலியிலேயே 'அக்ளிமேஷன்' என்ற வசதி இருக்கிறது. தொடக்க அளவையும் நாட்களையும் கொடுத்துவிட்டால் தானாகவே தினம் துளித்துளியாக ஏற்றிக்கொள்ளும். மனிதரின் கை அரிப்பிலிருந்து பவளத்தைக் காப்பாற்றுவதால் இதுவே சிறந்த வழி என்று சொல்லலாம்.

வெளிச்சத்தைக் குறைக்கும் வசதி இல்லாத விளக்கு என்றால்? ஜன்னலுக்கு அடிக்கும் கொசுவலை இருக்கிறதே, அதுவே போதும். நைலான் அல்லது ஃபைபர் வலையை நான்கைந்து அடுக்காகத் தொட்டியின் மேல் விரித்து, நான்கைந்து நாளுக்கு ஓர் அடுக்கு என உருவினால் வேலை முடிந்தது. செலவு மிகக் குறைவு. துருப்பிடிக்கும் இரும்பு வலையோ, செம்பு கலந்த வலையோ கூடாது. செம்பு பவளத்துக்கு விஷம். மெட்டல் ஹாலைட் பல்பின் சூட்டுக்கு அருகில் வலையைக் கொண்டுபோவதும் ஆபத்து.

விளக்கைத் தூக்கிக் கட்டுவது இன்னொரு வழி. உயரம் கூடக் கூட வெளிச்சம் குறையும், கூடவே பரவலாகவும் விழும். ஆனால் பக்கத்தில் உட்கார்ந்து டிவி பார்ப்பவர்களின் கண்ணில் அடிக்கும் என்பதையும் யோசித்துக்கொள்ள வேண்டும்.

லைட் எரியும் நேரத்தைக் குறைக்கலாமா என்று பலர் கேட்பதுண்டு. எட்டு மணி நேரத்தை ஐந்தாக்கினால் ஒரு நாளைக்குச் சேரும் மொத்த ஒளி குறையும், உண்மைதான். ஆனால் அந்த ஐந்து மணி நேரமும் உச்சவெயில் அப்படியேதான் இருக்கும். சேதம் உச்சத்தில்தான் நடக்கிறது. ஆகவே நேரத்தைக் குறைப்பதைக் கூடுதல் உதவியாக வைத்துக்கொள்ளலாம், அதை மட்டும் நம்ப முடியாது.

பவளத்தையே கீழே இறக்கி மணல்மேல் வைத்து, வாரக்கணக்கில் படிப்படியாக மேலே ஏற்றுவது கடையிலிருந்து புதிதாக வாங்கி வரும் துண்டுகளுக்குப் பொருந்தும். அவை பெரும்பாலும் கடையின் மங்கலான தொட்டியில் இருந்து, பிளாஸ்டிக் பையில் இருட்டிலேயே பயணம் செய்து வந்தவை. ஏற்கெனவே பாறையில் ஒட்டி வளர்ந்துவிட்ட பெரிய பவளத்தைப் பெயர்த்து எடுப்பது இருக்கும் சிக்கலோடு இன்னொன்றையும் சேர்ப்பதுதான்.

லைட்டை மாற்றாமலேயே லைட் மாறுமா?

மாறும். இதைப் பலர் கவனிப்பதில்லை.

டி5 டியூப் பழசாகப் பழசாக வெளிச்சம் குறைந்துகொண்டே வரும். தினம் பார்ப்பவர்களுக்குத் தெரியாது. பவளமும் அந்தக் குறைவுக்குத் தன்னைப் பழக்கிக்கொண்டிருக்கும். ஒரு நாள் நான்கு டியூபையும் ஒரே நேரத்தில் புதுசாக மாற்றினால், அதே மாடல், அதே வாட்ஸ் என்றாலும் பவளத்துக்கு அது அதிர்ச்சிதான். வாரத்துக்கு ஒரு டியூப் என்று மாற்றுவதுதான் சரியான வழி.

தண்ணீரும் ஒரு நிழல்வலைதான். நாள்பட்ட தொட்டி நீர் லேசாக மஞ்சளடித்துப்போகும், அந்த மஞ்சள் நீல ஒளியைக் கொஞ்சம் வடிகட்டிவிடும். நிறைய ஆக்டிவேட்டட் கார்பனை ஒரேயடியாகப் போட்டால் தண்ணீர் ஒரே இரவில் பளிங்காகிவிடும். தொட்டிக்காரருக்கு மகிழ்ச்சி. பவளத்துக்கோ யாரோ திரையை விலக்கிய மாதிரி.

வெளிச்சம் அதிகமா, குறைவா? எப்படிக் கண்டுபிடிப்பது?

ஒளி அதிகமாகி வெளுக்கும்போது, லைட்டைப் பார்த்திருக்கும் மேல்பக்கம்தான் முதலில் வெளிறும். ஒரு கிளையின் நிழல் விழும் இடத்தில் பழைய நிறம் அப்படியே இருந்தால் சந்தேகமே வேண்டாம். சில நேரம் பாலிப்பின் வாயிலிருந்து பழுப்பு நூல் போல ஏதோ வெளியே வரும். அது பாசியை வெளியேற்றும் காட்சி. பகலில் பாலிப்கள் உள்ளே சுருங்கிக்கொள்வதும் ஆரம்ப அறிகுறி.

வெளிச்சம் குறைந்தால் நேர் எதிர். பவளம் அடர் பழுப்பாகும், மென்மையான வகைகள் லைட்டை நோக்கி நீண்டு நெளியும். இதில் உயிருக்கு உடனடி ஆபத்து இல்லை. ஆகவே எந்தப் பக்கம் தவறுவது என்று வந்தால், இருட்டின் பக்கம் தவறுவது மேல்.

அடியிலிருந்து சதை உரிந்துகொண்டு மேலே ஏறுகிறதா? நுனி மட்டும் கருகியதுபோல இருக்கிறதா? அப்படியென்றால் லைட்டைக் குற்றம் சொல்வதற்கு முன் தண்ணீரின் காரத்தன்மையைப் பரிசோதிக்க வேண்டும்.

ஏமாற்றும் அறிகுறி ஒன்றும் உண்டு. புது லைட் போட்ட சில வாரத்தில் பவளம் திடீரென நியான் ஊதா, மின்னும் பச்சை என்று ஜொலிக்கத் தொடங்கும். 'லைட் சூப்பர்' என்று படம் எடுத்துப் போடுவார்கள். பிரிட்டனின் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தில் யோர்க் வீடன்மன் தலைமையிலான பவள ஆய்வகம், 2020-ல் 'கரன்ட் பயாலஜி' இதழில் இதற்கு விளக்கம் சொன்னது. பாசி குறையும்போது, கூட்டிலிருந்து எதிரொளிக்கும் நீல ஒளி சதைக்குள் அதிகமாகிறது. அந்த ஒளியே நிறப் புரதங்களை அதிகம் தயாரிக்கத் தூண்டுகிறது. அந்தப் புரதங்கள் சன்ஸ்கிரீன் மாதிரி வேலை செய்து, பாசி திரும்பி வர வழிசெய்கின்றன. அதாவது அந்த ஜொலிப்பு, சில நேரங்களில், உதவி கேட்கும் குரல். எல்லா நிறமும் அப்படியல்ல. ஆனால் பழுப்பு முற்றிலும் மறைந்து நிறம் மட்டும் மின்னினால், வெளிச்சத்தை ஏற்றுவதை நிறுத்திவிட்டுக் கவனிக்க வேண்டும்.

வெளுத்துவிட்டது. இனி?

வெளிச்சத்தைப் பழைய அளவுக்கும் கீழே இறக்க வேண்டும். முழுக்க அணைத்துவிடக் கூடாது. மிச்சமிருக்கும் பாசிக்கு வேலை செய்யக் கொஞ்சம் ஒளி தேவை. பவளத்தை அங்கும் இங்கும் நகர்த்தாமல் விட்டுவிட வேண்டும். டார்ச், ஹாம்மர் போன்ற பெரிய வாய் உள்ளவற்றுக்கு, கொடுக்குகள் நீளும் நேரத்தில் மைசிஸ் இறால் துண்டுகளைக் கொடுக்கலாம். பாசி சமைத்துப் போடாதபோது கையால்தான் ஊட்ட வேண்டும்.

மீள்வதற்கு வாரங்கள் ஆகலாம், மாதங்களும் ஆகலாம். சதை இருக்கிறதா என்பதுதான் கேள்வி. வெள்ளைக் கூட்டின் மேல் பச்சைப் பாசி படரத் தொடங்கினால் அந்தப் பகுதி இறந்துவிட்டது என்று அர்த்தம்.

தண்ணீரையும் கவனிக்க வேண்டுமா?

கட்டாயம். வெளிச்சம் கூடினால் பவளம் வேகமாக வளரும், வளர்ந்தால் கால்சியமும் காரத்தன்மையும் வேகமாகச் செலவாகும். லைட்டை ஏற்றும் வாரங்களில் காரத்தன்மையை அடிக்கடி அளக்காவிட்டால் எப்போது சரிந்தது என்றே தெரியாது.

'தண்ணீர் சுத்தமாக இருக்க வேண்டும்' என்று நைட்ரேட், பாஸ்பேட் இரண்டையும் பூஜ்ஜியத்துக்குக் கொண்டுவருகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். பாசிக்கும் உரம் வேண்டும். நைட்ரஜன் இருந்து பாஸ்பேட் மட்டும் இல்லாமல் போனால், வெளிச்சத்தையும் வெப்பத்தையும் பவளம் தாங்கும் அளவு குறைந்துவிடுகிறது என்று அதே வீடன்மன் குழு 2013-ல் 'நேச்சர் கிளைமேட் சேஞ்ச்' இதழில் வெளியிட்ட ஆய்வு காட்டியது.

மெட்டல் ஹாலைட்டிலிருந்து எல்இடிக்கு மாறுகிறவர்களுக்கு இன்னொரு கணக்கு. பழைய பல்பு தண்ணீரைச் சூடாக்கிக்கொண்டிருந்தது. அது போனதும் தண்ணீர் குளிரும், ஹீட்டர் அதிக நேரம் ஓடும், ஆவியாவதும் குறையும். லைட் மாற்றும் அதே வாரத்தில் உப்பு பிராண்டை மாற்றுவது, ஃபில்டரை மாற்றுவது எல்லாம் வேண்டாம். ஏதாவது தப்பானால் எதனால் என்று கண்டுபிடிக்கவே முடியாது.

கடலில் நடப்பதும் இதுதானா?

கிட்டத்தட்ட. கடலில் தொடக்கம் வெப்பத்திலிருந்து. வழக்கமான கோடை உச்சத்தைவிட 1 டிகிரி செல்சியஸ் கூடுதலாகச் சில வாரங்கள் நீடித்தாலே பாசியின் பழுதுபார்க்கும் திறன் தடுமாறுகிறது. அதன் பிறகு, நேற்றுவரை தாங்கிய அதே வெயில் இன்று தாங்க முடியாததாகிவிடுகிறது. மன்னார் வளைகுடாவில் 2016-ல் பவளங்கள் பெருமளவில் வெளுத்ததும் இப்படித்தான். உலக அளவில் நான்காவது முறையாகப் பெரும் வெளுப்பு நடக்கிறது என்று அமெரிக்காவின் நோவா அமைப்பு 2024 ஏப்ரலில் அறிவித்தது.

வெப்பத்தைக் குறைக்க முடியாவிட்டால் வெளிச்சத்தையாவது குறைக்கலாமே என்று யோசித்தவர்களும் இருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவின் சதர்ன் கிராஸ் பல்கலைக்கழக விஞ்ஞானிகள் 2020 மார்ச்சில் கிரேட் பேரியர் ரீஃபின் பிராட்ஹர்ஸ்ட் திட்டில், கடல்நீரை மிக நுண்ணிய துளிகளாக வானில் தெளித்துப் பார்த்தார்கள். மேகங்களைப் பிரகாசமாக்கி, சூரிய ஒளியைக் கொஞ்சம் திருப்பி அனுப்பும் முயற்சியின் முதல் வெளிக்களச் சோதனை அது. தொட்டியின் மேல் விரிக்கும் கொசுவலையும் அதுவும் ஒரே யோசனைதான். அளவுதான் வேறு.

தொட்டிக்காரர்களுக்கு இதில் ஒரு நேரடிப் பாடம் உண்டு. ஏசி வேலை செய்யாத, தண்ணீர் 29, 30 டிகிரிக்கு ஏறும் கோடை வாரத்தில் புது லைட்டை மாட்டக் கூடாது.

இந்தியாவில் பவளம் வளர்க்கலாமா?

கல்பவளங்கள் அனைத்தும், கருப்புப் பவளம், நெருப்புப் பவளம், ஆர்கன் பைப் பவளம், கடல் விசிறி ஆகியவையும் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-ன் முதல் அட்டவணையில் உள்ளன. புலிக்கும் யானைக்கும் இருக்கும் அதே அட்டவணை. 2022-ல் திருத்தப்பட்டு 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த வடிவத்தில், முதல் அட்டவணை உயிரினங்கள் தொடர்பான குற்றத்துக்கு 3 முதல் 7 ஆண்டுகள் வரை சிறை, குறைந்தது 25,000 ரூபாய் அபராதம். உயிரோடு இருக்கும் பவளத்துக்கு மட்டும் இது என்று நினைக்க வேண்டாம். கடற்கரையில் விற்கும் வெள்ளைப் பவளக் கூட்டை வாங்கி ஷோகேஸில் வைப்பதும் சிக்கல்தான்.

இந்தக் கெடுபிடிக்குக் காரணம் இருக்கிறது. ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே 21 தீவுகளைச் சுற்றி இருக்கும் பவளத்திட்டுகளிலிருந்து, சுண்ணாம்புக்காகவும் கட்டுமானத்துக்காகவும் பல ஆண்டுகள் பவளம் வெட்டி எடுக்கப்பட்டது. 1986-ல் அந்தப் பகுதி கடல்சார் தேசியப் பூங்கா ஆனது. ஆனாலும் இரண்டு தீவுகள் கடலுக்குள் மூழ்கிவிட்டன. அதற்குப் பவளம் வெட்டியதும் ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது.

'இது இம்போர்ட் சார், பண்ணையில வளர்ந்தது' என்று கடையில் சொல்வதை மட்டும் நம்பி வாங்குவது ஆபத்து. கல்பவளங்கள் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்ஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலிலும் இருப்பதால், எந்த நாட்டிலிருந்து எந்த நாட்டுக்குக் கொண்டுபோனாலும் அனுமதிச் சீட்டு தேவை. சிங்கப்பூரிலோ லண்டனிலோ வளர்த்துவிட்டு ஊர் திரும்புகிறவர்கள் பெட்டியில் போட்டுக் கொண்டுவர முடியாது. சந்தேகம் இருந்தால் வனத்துறையிடம் கேட்டுக்கொள்வது பாதுகாப்பு.

கடல்நீர்த் தொட்டி ஆசையே கூடாதா என்றால், அப்படி இல்லை. மீன்கள் மட்டும் உள்ள தொட்டிக்கு இந்தத் தடை இல்லை. 'நெமோ' என்று குழந்தைகள் கூப்பிடும் க்ளவுன் மீனைக் குஞ்சு பொரிக்க வைத்து வளர்க்கும் முறையை மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி மையத்திலேயே உருவாக்கியிருக்கிறார்கள். கடல்குதிரை மட்டும் வேண்டாம், அதுவும் முதல் அட்டவணையில் இருக்கிறது. பாறையில் ஒட்டுவதற்கு ரெசினில் செய்த செயற்கைப் பவளங்கள் கடைகளில் கிடைக்கின்றன. அவற்றின் மேல் எந்த லைட்டை வேண்டுமானாலும், முதல் நாளே 100 சதவீதத்தில் போடலாம்.